வலது வளைவுகளில் ஒரு விரல்

2025 பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். வாசல் கதவருகே மாட்டியிருக்கும் வெப்பமானி பதினைந்து டிகிரி காட்டியது. மோட்டார் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பும்வரை இருபத்திரண்டு நிமிடம் மொட்டை மாடியில் நின்றேன். பனி இறங்கியிருந்தது. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து விளக்குகள் தண்ணீருக்குள் எரிவதுபோல் இருந்தன. முதல் ஷிப்ட் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள் போயின. எந்தப் பேருந்தும் சத்தம் போடவில்லை. ஆறு மணிக்குத் தேநீர். ஆறே காலுக்கு நோட்டை எடுத்து, முந்தைய நாளின் குறிப்பை முடித்து, அன்றைய பக்கத்தின் மேல் ஓரத்தில் எழுதினேன்: “காலை. பனி. நல்ல அமைதி.”

நான்கைந்து வருடமாகவே காலைகள் அமைதியாகிக்கொண்டு வருவதாக எழுதியிருக்கிறேன். ஊர் இவ்வளவு பெருத்தும் காலை மட்டும் மெதுவாக, மென்மையாக ஆகிக்கொண்டே போவது எனக்குப் பிடித்திருந்தது.

காருக்கென்று நோட்டின் பின்பக்கத்தில் தனிப் பகுதி. தேதி, கிலோமீட்டர், பெட்ரோல், அதன்பிறகு நான்கு கட்டம்: பிரேக், ஸ்டியரிங், டயர், சத்தம். எட்டு வருடம் ஓடிய கார். சத்தம் என்ற கட்டத்தில் “இல்லை” என்று எழுதி எழுதி, அந்தச் சொல் என் கையெழுத்தில் ஒரு முத்திரைபோல் ஆகிவிட்டிருந்தது.

செவ்வாய் எனக்கு வார விடுமுறை. அன்று காரை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியிருந்தது. மகள் பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்து, பேத்திக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை காலை இருவரையும் பர்கூரில் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். பிறந்த வீட்டுக்காரர்கள்தான் கூட்டிப்போய் விடுவது என்பது எங்கள் இரு குடும்பத்திலும் வழக்கம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, அங்கிருந்து பர்கூர். வழி முழுக்கப் பெரிய சாலை, இரண்டு பக்கமும் லாரிகள். அந்தச் சாலையில் ஐந்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு நானே ஓட்டப்போகிறேன். கார் சரியாக இருக்கிறதா என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கக்கூடாது.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் பெங்களூருக்குப் போய்விட்டார். அதனால் பாகலூர் சாலையில் இருக்கும் ஒரு கொட்டகைக்கு, எனக்குப் புதியவரிடம், ஒன்பதே காலுக்குப் போனேன். நாற்பது வயதிருக்கும். ஒரு வேலையாளிடம் தெலுங்கில் பேசிக்கொண்டே, போனில் யாருக்கோ “இவத்து ஆகல்ல சார், நாளே பன்னி” என்று கன்னடத்தில் நாளைக்கு வரச்சொல்லிவிட்டு, என்னிடம் தமிழுக்கு வந்தார். என் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, முன்பக்கம் தூக்கி நிறுத்தி, கால் மணி நேரம் அடியில் கிடந்தார்.

“சொல்லுங்க தம்பி, என்னென்ன பண்ணணும்?”

“முன்னாடி வீல் பேரிங் ரெண்டும் மாத்தணும். பிரேக் பேடு மாத்திடலாம். கீழ ஆர்ம்ல ரப்பர் புஷ் ரெண்டு. அவ்ளோதாங்ணா.”

“அவ்ளோதானா? இன்ஜினு மட்டும் பாக்கி வெச்சுட்டீங்களே.”

“இன்ஜினு சூப்பரா இக்குதுங்ணா. அத நான் தொடமாட்டன்.” அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“பேரிங்குக்கு என்ன வந்துச்சு?”

“சத்தம் போடுதுங்ளே.”

“என்ன சத்தம்?”

வானம் என்ன நிறம் என்று நான் கேட்டதுபோல் என்னைப் பார்த்தார். “ஊ...ன்னுது. அம்பது, அறுபது தாண்டினா. வலது பக்கம் ஒடிச்சா ஏறுது, இடது பக்கம் ஒடிச்சா அடங்குது. இப்பதான் ஒரு ரவுண்டு போயி கேட்டுட்டு வந்தன்.”

நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். கட்டம் கட்டமாக “இல்லை” இறங்கிவரும் பக்கங்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, மூன்று பக்கம் நிதானமாகப் புரட்டிப் பார்த்தார்.

“எழுத்து அழகா இக்குதுங்ணா” என்றார்.

பிறகு ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பின்னால் நுனியை ஊன்றி, கைப்பிடியை என் காதில் வைக்கச் சொன்னார். மறு கையால் சக்கரத்தைச் சுழற்றினார். நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பிலும் மோட்டார் பேரிங்குகளை இப்படித்தான் பார்ப்போம். வைத்தேன். கண்ணை மூடினேன். மரக்கைப்பிடியின் குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. அதற்கு அப்பால் பஞ்சுபோல ஒன்றுமில்லாமை.

“ஒண்ணும் இல்லையே.”

அவர் தன் காதை வைத்துப் பார்த்தார். மறுபடி என்னிடம் கொடுத்தார். “இல்லீங்ளா?”

“இல்ல.”

என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, அதை விட்டுவிட்டு வேறு ஒன்றைச் சொன்னார். “எங்க போறீங்க, வியாழக்கெழம?”

“பர்கூர். பேத்தியோட.”

“அப்ப கண்டிப்பா மாத்திட்டு போங்ணா. அது தேஞ்சுகினே போயி ஒரு நாளு சக்கரம் ஆட ஆரம்பிக்கும். என்னிக்குன்னு என்னால சொல்ல முடியாது. சின்னக் கொழந்தைய வெச்சுகினு ஹைவேல...”

குழந்தையைச் சொல்லி விற்கப்படும் எதையும் நான் நம்புவதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சக்கரத்தை இறக்கச்சொல்லி, காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, எழுபதுவரை ஓட்டிப் பார்த்தேன். குளிர்காற்று முகத்தில் வந்து படிந்தது. கார் படகுபோல் போனது.

வீட்டில் மனைவி பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னாரு?” என்றாள் மனைவி.

“ஏமாத்தப் பாக்கறான். வராத சத்தத்த வருதுன்றான்.”

எண்ணெய்க் கை நின்றது. “எந்த சத்தம்? அந்த ஊ...ன்றதா?”

அந்த அறையில் அப்போது வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் குழந்தையின் வயிற்றில் போட்டிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றேன்.

“உனக்குக் கேக்குதா?”

“ஆயுத பூஜைக்கு முன்னாடியிருந்தே கேக்குது.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னனே. அதுவும் உங்களுக்குக் கேக்கல.”

மகள் சிரித்துவிட்டாள். “அப்பா, பாப்பா தூங்கறதே அந்த சத்தத்துலதான். சாயங்காலம் அழுதாள்னா காருல ஒரு ரவுண்டு போலாம்னு உங்கள கூப்படறனே, எதுக்குன்னு நெனச்சீங்க? பைபாஸ் ஏறி சத்தம் வந்ததும் கண்ணு சொக்கும். எங்க வீட்டுக்காரரு காருல போனா தூங்கறதேயில்ல.”

“வாடகைக் காரு வெச்சுக்கலாமே” என்றாள் மனைவி, குழந்தையின் காலை நீவிக்கொண்டு. “ஒரு நாளுதானே.”

அவர்கள் இருவரும் கேட்பது சாதாரணச் சாலைச் சத்தமாகவும் இருக்கலாம். பழைய காரில் ஏதாவது ஒரு முனகல் இருக்கத்தான் செய்யும். மெக்கானிக் சொன்ன சத்தம்தானா அது என்று எப்படித் தெரியும்? என் காது இந்த விஷயத்தில் சாட்சி சொல்லாது என்பது மட்டும் புரிந்தது. அப்படியென்றால் வேறொரு கருவி வேண்டும். மெக்கானிக் ஒரு குறிப்பான விஷயம் சொல்லியிருந்தார்: வலது பக்கம் திரும்பினால் ஏறும், இடது பக்கம் திரும்பினால் அடங்கும். அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மூன்றரை மணிக்கு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கெலவரப்பள்ளி அணைப் பக்கம் கிளம்பினேன். மனைவி முன் இருக்கையில், மகள் பின்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. மனைவியிடம் சொன்னேன்: “நீ ஒண்ணும் பேச வேணாம். சத்தம் பெருசானா ஒரு விரல மட்டும் தூக்கு. கொறஞ்சா இறக்கிடு.”

“எதுக்கு?”

“அப்பறம் சொல்றேன்.”

“ஸ்கூல்ல ஒண்ணுக்குக் கேக்கற மாதிரி” என்று மனைவி முணுமுணுத்தது பிறகு மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மடியில் வைத்த கையின் ஆள்காட்டி விரலை மனைவி தயாராக வைத்துக்கொண்டாள்.

அந்தச் சாலை அன்று ஆளில்லாமல் கிடந்தது. ரோஜாத் தோட்டங்களின் பாலித்தீன் கூடாரங்கள் வெயிலில் வெண்மையாக, நீளமாக, தூங்கும் மிருகங்கள்போல் படுத்திருந்தன. அணையின் மதகுகளுக்குக் கீழே ஆற்றில் நுரை எழுந்து, சிறு சிறு மேகங்களாகப் பிரிந்து காற்றில் போய்க்கொண்டிருந்தது. அது பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீரால் வரும் நுரை என்று தெரிந்திருந்தும், பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேகத்தை அறுபதில் நிறுத்தினேன். முதல் வளைவு இடது பக்கம். விரல் எழவில்லை. அடுத்தது வலது பக்கம். பாதி வளைவில் விரல் எழுந்தது, வளைவு முடிந்ததும் இறங்கியது. அடுத்தது மறுபடி வலது. எழுந்தது. இடது. இறங்கியே இருந்தது.

நான் காரை ஓட்டினேன் என்பதைவிட அந்த விரலை ஓட்டினேன் என்று சொல்லலாம். ஸ்டியரிங்கை வலது பக்கம் சாய்த்தால் அவள் மடியிலிருந்து அது மெல்ல எழுந்தது. இடப் பக்கம் சாய்த்தால் அமிழ்ந்தது. எனக்கு எல்லாம் நிசப்தம். கண்ணாடிக்கு வெளியே கூடாரங்கள் நகர்ந்தன, நுரை நகர்ந்தது. பின்னால் கண்ணாடியில் பார்த்தால் குழந்தையின் இமைகள் சொக்கி, பாதி மூடி, பிறகு முழுதும் மூடின. மூன்று பேரும் ஓர் அறைக்குள் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான் ஒருவன் மட்டும் அந்த அறைக்கு வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதுபோல் இருந்தது.

ஆறு வலது வளைவுகள். ஆறிலும் விரல் எழுந்தது. ஐந்து இடது வளைவுகள். ஒன்றிலும் எழவில்லை.

அணைக்கு முன்னால் ஒரு புங்க மரத்தடியில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். இருபத்தாறு வருடமாகத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. இப்போது லைன் இன்ஸ்பெக்டர். அங்கே வருடத்துக்கு ஒருமுறை காது சோதிப்பார்கள். கண்ணாடி வைத்த சிறு அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டிவிடுவார்கள். பீப் கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அழுத்தவேண்டும். மார்க் குறைந்தால் பிரஸ் லைனிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். பீப் எப்போதும் ஒரே இடைவெளியில்தான் வரும், அதனால் எங்கள் ஷாப்பில் ஒரு வழி இருந்தது: நான்கு எண்ணு, அழுத்து. நடுவில் ஒன்றிரண்டை விட்டுவிடு, சந்தேகம் வராது. இதை ஏமாற்று என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. கேன்டீன் டோக்கனை மாற்றிக்கொள்வதுபோல அதுவும் ஒரு நடைமுறை. எனக்கு எண்ண வரும். மற்ற எல்லாரையும்விட நன்றாகவே வரும். முதலில் சந்தேகமான ஒலிகளுக்கு மட்டும் எண்ணினேன். எந்த வருடத்திலிருந்து எல்லாவற்றுக்கும் எண்ண ஆரம்பித்தேன் என்பதற்கு மட்டும் என் நோட்டில் தேதி இல்லை. எதிரில் பேசுகிறவரின் வாயைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடிக்க என்னையறியாமல் பழகியிருந்தேன். “காது: நார்மல்” என்று ஒவ்வொரு வருடமும் எழுதி வைத்திருக்கிறேன். எழுதியதை நம்பவும் செய்தேன்.

இதை அந்த மரத்தடியில் மனைவியிடம் சொன்னேன். குழந்தை எழுந்துவிடக்கூடாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

“நீங்க மெதுவா பேசறதா நெனச்சுகினு சத்தமா பேசறீங்க” என்றாள் அவள். பிறகு, “எனக்குத் தெரியும்” என்றாள். “குக்கர் விசில் எத்தனன்னு உங்கள எண்ண சொல்றத விட்டே ரெண்டு வருஷம் ஆச்சு.”

ஐந்து மணிக்கு அவர்களை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்ப மெக்கானிக் கொட்டகைக்குப் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“பேரிங்கு சத்தம் போடுது” என்றேன்.

“கேட்டுச்சுங்ளா?”

“எனக்குக் கேக்கல. என் காது போயிடுச்சு தம்பி. வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்டுச்சு.”

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். காலையிலேயே அதைத்தான் சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அடித்திருக்கமாட்டேன், ஆனால் அந்தக் கொட்டகைக்குத் திரும்பி வந்திருக்கமாட்டேன்.

“காது எதுக்குங்ணா” என்றார். “கை இக்குதுல்ல? வாங்க.”

மறுபடி முன்பக்கத்தைத் தூக்கினார். என் கையைப் பிடித்து, இடது சக்கரத்துக்கு மேலே இருக்கும் கனமான சுருள் கம்பியில் நான்கு விரல்களையும் படியவைத்தார். “வலது பக்கம் ஒடிச்சா பாரம் இடது சக்கரத்து மேலதான் ஏறும், அதான் இத மொதல்ல பாக்கறது. லேசா வெச்சுக்கோங்க. அமுத்த வேணாம்.” சக்கரத்தைக் கையால் சுழற்றினார்.

கண்ணை மூடிக்கொண்டேன். என் வேலையே விரல்தான். மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, கதவுத் தகட்டின் மேல் தடவினால், கண்ணுக்குத் தெரியாத பள்ளம் எனக்குத் தெரியும். சக்கரம் சுழன்றது. சுருளுக்குள்ளிருந்து ஏதோ வந்து விரல் நுனிகளில் உட்கார்ந்தது. நற நறவென்று, ராகி மாவில் மணல் கலந்ததுபோல். அது ஒரே சீராக இல்லை. ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் தடித்து, பிறகு மெலிந்து, மறுபடி அதே இடத்தில் தடித்தது. மாதக்கணக்கில் இந்தக் கார் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். அவ்வளவு நேரம் நான் அங்கே கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கத் தேவையில்லை. சக்கரம் நின்றபிறகும் கையை எடுக்கவில்லை.

“தெரியுதுங்ளா?”

“தெரியுது. அந்தப் பக்கத்தையும் சுத்துங்க.”

வலது பக்கச் சுருளில் கையை வைத்தேன். அவர் சுழற்றினார். ஒன்றுமில்லை. இந்த முறை ஒன்றுமில்லாமையை நம்பினேன். பட்டுத் துணியை விரலுக்கடியில் யாரோ மெல்ல இழுத்துக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது.

“இது நல்லா இருக்கு” என்றேன். “இத மாத்த வேணாம்.”

“ஒண்ணு போனா ஜோடியா மாத்திடறது வழக்கங்ணா.” சொல்லிக்கொண்டே அவரும் ஒரு கையைச் சுருளில் வைத்துச் சுழற்றிப் பார்த்தார். இரண்டாவது முறையும் பார்த்தார். “நெசந்தான். இது இன்னும் ஓடும். விட்டுடலாம்.”

“பிரேக் பேடு எவ்ளோ இருக்கு?”

“மாத்திட்டா நிம்மதிங்ணா.”

“நிம்மதி இருக்கட்டும். அளவு எவ்ளோ?”

அவர் சிரித்துக்கொண்டே முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். சட்டைப் பையிலிருந்த ஆறு அங்குல இரும்பு ஸ்கேலை எடுத்து நானே வைத்துப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர். நான்கு பேடிலும் ஏறக்குறைய அதே. இன்னும் பாதி ஆயுள் இருந்தது. புஷ்ஷில் மேல்தோல் மட்டும் வெடித்திருந்தது. கடப்பாரை கொடுத்து நெம்பச் சொன்னேன். ஆட்டம் இல்லை.

“இது ரெண்டும் வேணாம். ஆறு மாசம் கழிச்சு வரேன்.”

“நீங்க மெக்கானிக்கா போயிருக்கலாங்ணா.”

“காது வேணுமே.”

“எங்க கொட்டாயில கேக்காதவங்கதான் நல்லா வேல செய்வாங்க. கேக்கறவங்க போன்லயே இருப்பாங்க.” புது பேரிங் டவுனில் ஒரு கடையில் இருக்கிறது, இரவுக்குள் வாங்கி வைத்துவிடுகிறேன், காலை ஏழு மணிக்குள் வண்டியை விட்டால் மதியம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், முப்பதுக்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னார்.

முப்பதில் ஓட்டிக்கொண்டு வந்தேன். பொழுது இறங்கியிருந்தது. ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போவதுபோல் இருந்தது. வாய்கள் அசைந்தன. ஒரு பெண் சிரித்தாள், அந்தச் சிரிப்பு அவள் தோளில் மட்டும் தெரிந்தது.

சாப்பிடும்போது மகள் கேட்டாள்: “பேரிங்கு மாத்திட்டா இவ எப்பிடி தூங்குவா?”

“பர்கூர் வரைக்கும் முழிச்சுகினே போகட்டும்” என்றாள் மனைவி. “வழிய பாத்துகினு போனாத்தான் திரும்பி வரத் தெரியும்.” பிறகு என் பக்கம் திரும்பி, நான் அவள் வாயைப் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டு, “கம்பெனில சொல்லப்போறீங்களா?” என்றாள்.

“மொதல்ல வியாழக்கெழம முடியட்டும்” என்றேன். அந்தக் கேள்விக்கு நோட்டில் இன்றுவரை நான் முழுதாகப் பதில் எழுதவில்லை.

மறுநாள், பிப்ரவரி 5, புதன்கிழமை. எனக்கு இரண்டாம் ஷிப்ட். முதல் வேலையாக, ஆறு நாற்பதுக்கு, மனைவியை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. பனியில் அவள் முந்தானையைக் காதைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். அதை எடுத்துவிடச் சொன்னேன். மெக்கானிக் சைக்கிளில் வந்து இறங்கி எங்கள் இருவரையும் பார்த்தார். சாவியை அவர் கையில் கொடுத்து, “மாட்டி முடிச்சதும் இவங்கள உக்கார வெச்சு அணை வரைக்கும் போயிட்டு வாங்க. இவங்க சரின்னு சொன்னாத்தான் நான் வண்டிய எடுப்பேன்” என்றேன்.